ராப் பாடகர் பெயர் போட்ட ஹூடி: துணி தேறியது, அச்சு தேறவில்லை

எந்த உடுப்பு கைக்கு வந்தாலும் அதை உள்பக்கம் திருப்பித்தான் முதலில் பார்ப்பேன். பனியன் துணி தைக்கும் இடங்களில் செக்கிங் மேசையருகே நின்றே பழகிவிட்ட கண். வெளிப்பக்கத்தை விற்பவரே நன்றாகக் காட்டிவிடுவார். பிசிறு, விட்டுப்போன தையல், கடைசி நேர அவசரம் எல்லாம் உள்ளேதான் ஒளிந்திருக்கும்.

இப்போது மேசையில் கிடப்பது தலைமூடி வைத்த ஒரு கறுப்பு ஹூடி. ஒரு ராப் பாடகரின் இசைப்பயணத்தை ஒட்டி இணையத்தில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் திறந்த கடையில் வாங்கியது. பாடகர் யார், விற்றவர் யார் என்று சொல்லப்போவதில்லை. இதே குறைகளை வேறு பல பாடகர்களின் உடுப்புகளிலும் பார்த்திருக்கிறேன். ஒருவரை மட்டும் தண்டிப்பது நியாயமாக இருக்காது. கூட வேலை பார்க்கும் பெண் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைப் போட்டுக்கொண்டு எங்கே போகப்போகிறீர்கள்?" என்று கேட்டாள். "எங்கேயும் போகவில்லை, பாட்டுக் கேட்கத்தான்" என்றேன். ராப் கேட்பவர்கள் எல்லாரும் இருபது வயது ஆண்பிள்ளைகள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

முதலில் துணி. நூறு சதவீதம் பருத்தி, 450 ஜி.எஸ்.எம். என்கிறது லேபிள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜி.எஸ்.எம். சாதாரண டி-ஷர்ட் 160 முதல் 180 வரை இருக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஹூடி 300-ஐ ஒட்டி இருக்கும். 400-ஐத் தாண்டினால் அது கனத்த துணி. வட்டக் கட்டரால் ஒரு துண்டு வெட்டி எடை போட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். போட்டுக்கொள்ள வாங்கியதில் ஓட்டை போட மனம் வரவில்லை. கை சொல்லும் கணக்கில் 400-க்குக் குறையாது. மூன்று நூல் சேர்த்துப் பின்னிய ஃப்ளீஸ் துணி; உள்பக்கம் பிரஷ் ஓட்டிப் பஞ்சு எழுப்பியிருக்கிறார்கள். தொடக்கத்தில் உள்ளே போட்ட சட்டையில் கறுப்புப் பஞ்சு ஒட்டியது. பிறகு நின்றுவிட்டது. முழங்கை தேயும் இடத்தில்கூட உருண்டை திரளவில்லை. நல்ல நூல், நல்ல பின்னல். இதில் எனக்குக் குறையே இல்லை.

ஹிப் ஹாப்பில் இந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தைத்தான் இந்த இசையின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். அறைக்குள் தொடங்கியது சீக்கிரமே பூங்காவுக்கும் தெருவுக்கும் வந்துவிட்டது. சுவரில் ஓவியம் தீட்டியவர்களும் தரையில் சுழன்று ஆடியவர்களும் நியூயார்க் குளிரில் நின்றவர்கள். அவர்களுக்குக் கைக்கெட்டியவை விளையாட்டு வீரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் தைத்த உடுப்புகள்தாம். காற்றைத் தடுக்கும், முகத்தை மறைக்கும், கிழியாது. டிம்பர்லேண்டின் மஞ்சள் பூட்ஸ் கதையும் இதேதான். 1973-இல் ஈரத்தில் நின்று வேலை செய்பவர்களுக்காக வந்த தண்ணீர் புகாத பூட்ஸ் அது. தொண்ணூறுகளில் நியூயார்க் ராப் பாடகர்களின் காலுக்கு வந்துவிட்டது. விளம்பரக்காரர் யாரும் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு அன்று.

அதனால்தான் ஒரு பாடகர் தன் பெயரில் ஹூடி விற்கும்போது என் மனத்தில் எழுகிற முதல் கேள்வி: இதை இவர் போடுவாரா? விற்பதற்கு முன்பே போட்டிருந்தாரா?

ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவினர் போட்டிருந்தார்கள். லேஸ் கட்டாத ஆடிடாஸ் சூப்பர்ஸ்டார் காலணியை அணிந்துகொண்டு, 1986-இல் அந்த நிறுவனத்தைப் பற்றியே ஒரு பாட்டையும் வெளியிட்டார்கள். அதே ஆண்டு மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் இருந்து கேட்டுக்கொண்டதும், கூட்டத்தில் இருந்தவர்கள் தங்கள் காலணிகளைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிறுவன அதிகாரி அசந்துபோனார். சுமார் 10 லட்சம் டாலர் ஒப்பந்தம் பின்னால் வந்தது. வரிசை முக்கியம்: உடுத்தினார்கள், பாடினார்கள், அதன்பிறகுதான் பணம். இன்றைக்கு இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பாட்டு பதிவாகும் முன்பே ஹூடியின் வெட்டுப்படிவம் தயாராகிவிடுகிறது.

சரி, தையல். தோளிலும் கையிலும் ஓரம் பிரியாதபடி ஓவர்லாக் தைத்து, மேலே தட்டையாக ஃபிளாட்லாக் தையல் ஓட்டியிருக்கிறார்கள். நூல் அறுந்த இடம் ஒன்றுகூட இல்லை. வயிற்றுப் பையின் இரண்டு மூலைகளிலும் பார்டாக் என்ற நெருக்கமான தையல் போட்டிருக்கிறார்கள். கையை நுழைத்து நுழைத்துக் கிழிவது அங்கேதான், ஆகவே யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். கயிற்றின் முனையில் உலோகக் குப்பி. பார்க்க அழகு, படியில் ஓடும்போது பல்லில் இடிக்கும். கைமுனையின் ரிப் பின்னலில் எலாஸ்டேன் என்ற இழுபடும் நூலைக் கலக்காமல் மிச்சம் பிடித்துவிட்டார்கள். முழங்கை வரை ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு அது மணிக்கட்டைப் பிடிப்பதில்லை, தொங்குகிறது.

தலைமூடியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று துண்டு வைத்து, இரட்டைத் துணியில் தைத்திருக்கிறார்கள். தலையில் போட்டால் நெற்றிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் தள்ளினால் கழுத்தைச் சுற்றித் திரண்டு அமர்கிறது. மட்டமான ஹூடியில் இந்த இடம் தளர்ந்து முதுகில் ஒட்டிக்கிடக்கும். இதைத் தைத்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அவருக்கு என் வணக்கம்.

அடுத்தது சுருக்கம். இங்கேதான் சரிவு தொடங்குகிறது. முன்பக்கத்தில் நீளவாக்கில் 50 சென்டிமீட்டருக்குச் சாக்பீஸாலும் நூலாலும் குறி வைத்துவிட்டுத் துவைத்தேன். காய்ந்தபின் அளந்தால் 46.5. ஏழு சதவீதம். எங்கள் மேசையில் ஐந்துக்குமேல் போனால் திருப்பி அனுப்புவோம். இந்த ஹூடியின் வெட்டோ இன்றைய பாணி: அகலம் அதிகம், நீளம் குறைவு, தோள் இறக்கம். 68 சென்டிமீட்டர் நீளத்தில் ஏழு சதவீதம் என்றால் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் போய்விடும். தொண்ணூறுகளின் தொளதொள உடுப்பு ஒரு சாண் சுருங்கினாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. இதில் கையைத் தூக்கினால் இடுப்பு தெரிகிறது.

பின்னல் துணி நீளவாக்கில் சுருங்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. விளையாட்டு உடுப்பு தைக்கும் சாம்பியன் நிறுவனம் இதற்கான தீர்வுக்கு 1938-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டது. துணியைப் படுக்கைவாட்டில் திருப்பி வெட்டினார்கள். அதனால் நீளம் குறைவது நின்றது. சுருக்கம் அகலத்துக்குப் போனது. பின்னர் உடம்பைப் பிடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் ரிப் துண்டு வைத்தார்கள். இழுத்தால் அது விரிந்துகொடுக்கும். கல்லூரி விளையாட்டு வீரர்களுக்காக யோசித்த அந்த வெட்டைப் பிற்பாடு ஹிப் ஹாப் தலைமுறை தனதாக்கிக்கொண்டது. வண்ணான் வீட்டுக்கும் சலவை இயந்திரத்துக்கும் ஈடுகொடுத்ததுதான் காரணம், வேறு மந்திரம் இல்லை. நான் வாங்கிய ஹூடியில் பக்கவாட்டுத் துண்டு கிடையாது. துணிக்குக் கொட்டிய பணத்தில் கொஞ்சத்தை வெட்டுக்கும் கொடுத்திருக்கலாம். குறைந்தபட்சம் துணியை முன்னதாகவே சுருங்கவிட்டுப் பிறகு வெட்டியிருக்கலாம்.

இனி அச்சு. கோபம் முழுவதும் இதன்மேல்தான்.

மார்பில் பாடகரின் பெயர், பழைய ஜெர்மானிய அச்சுப் புத்தகங்களில் வருகிற மாதிரிக் கூர்கூரான எழுத்தில், உப்பிநிற்கும் பஃப் பிரிண்டில். முதுகில் இசைப்பயணம் போன நகரங்களின் பட்டியல், தோளிலிருந்து இடுப்புவரை. முதலில் எழுத்து வடிவம். 2016-இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தன் ஆல்பத்தை ஒட்டி, ஒரே வார இறுதியில் 21 நகரங்களில் தற்காலிகக் கடை திறந்து இதே வகை எழுத்தில் உடுப்புகள் விற்றார். கலைஞர் கலி தோர்ன்ஹில் டிவிட் வரைந்த எழுத்து அது. லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தவர்களின் நினைவாக அச்சடிக்கும் சட்டைகளை மனத்தில் வைத்து வரைந்தார். அந்த எழுத்துக்கு ஒரு துக்கம் இருந்தது. அன்றிலிருந்து பத்து பாடகரில் எட்டுப் பேருக்கு அதே எழுத்து என்று சொன்னால் மிகைதான், ஆனால் கடைப்பக்கங்களைப் புரட்டும்போது அப்படித்தான் தோன்றுகிறது. யாருடைய துக்கமோ இப்போது எல்லாருடைய மார்பிலும் அலங்காரமாகக் கிடக்கிறது.

கான்யேவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். உடை விஷயத்தில் அவருக்குக் கண் உண்டு, மறுப்பதற்கில்லை. மங்கிய மண் நிறங்களைத் தெருவெங்கும் பரப்பியதில் அவர் பங்கு பெரிது. ஆனால் யூதர்களைப் பற்றி அவர் கக்கிய வெறுப்பும், 2022 அக்டோபரில் ஆடிடாஸ் அவரைக் கைவிட்டதும் ஊரறிந்தவை. அவர் கை பட்ட எதையும் உடம்பில் போட்டுக்கொள்ள எனக்கு அதன்பிறகு மனம் வரவில்லை. கலை வேறு, கலைஞன் வேறு என்று வாதிடுபவர்கள் பாட்டு விஷயத்தில் அதைச் சொல்லட்டும். நெஞ்சில் பெயரைச் சுமந்து நடப்பது வேறு கணக்கு.

முதுகு அச்சுக்கு வருகிறேன். பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மையைக் கனமாகப் போட்டு, இடைவெளி விடாமல் ஒரே பலகையாக இறக்கியிருக்கிறார்கள். முதுகில் ஒரு ரெக்சின் துண்டைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல இருக்கிறது. துணி மூச்சுவிட வழியில்லை. அதையாவது பொறுக்கலாம். சில மாதங்களிலேயே எழுத்துகளின் குறுக்கே மயிரிழை விரிசல்கள். நகத்தால் நெருடினால் செதிலாக உதிர்கிறது. பிளாஸ்டிசால் மை தானாகக் காயாது. ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூட்டில், மைப்படலத்தின் அடிவரை வெந்தால்தான் துணியோடு பிடிக்கும். கனத்த துணி சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய டி-ஷர்ட்டுக்கு வைத்த அதே வேகத்தில் சூடேற்றும் இயந்திரத்தின் பெல்ட்டை ஓட்டினால் மேலே வெந்திருக்கும், அடியில் பச்சையாகவே இருக்கும். அச்சடித்த துணியை இழுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் டாப்பர் டானை நினைக்காமல் இருக்க முடியாது. 1982-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 125-ஆம் தெருவில் கடை திறந்த தையற்காரர். பெரிய நிறுவனங்களின் முத்திரைகளைத் தோலில் தானே அச்சடித்து, ராப் பாடகர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் சூதாடிகளுக்கும் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். தோலில் ஸ்க்ரீன் பிரிண்ட் போடுவது லேசான காரியம் இல்லை. மை பிடிக்க வேண்டும், மடித்தால் உடையவும் கூடாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அதைத் தானே செய்து பார்த்துக் கற்றவர். முத்திரை அவருடையது அல்லவே என்று கேட்டால், ஆமாம், சட்டப்படி தவறுதான். வழக்குகளும் சோதனைகளும் சேர்ந்து 1992-இல் கடையை மூடவைத்தன. 2017-இல் குச்சி (Gucci) என்ற ஆடம்பர உடை நிறுவனம் மேடையேற்றிய ஒரு ஜாக்கெட், அவர் எண்பதுகளில் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்சனுக்குத் தைத்ததை அப்படியே உரித்து வைத்திருந்தது. கூச்சல் எழுந்தது. மறு ஆண்டே அந்த நிறுவனத்தின் துணையோடு அவர் ஹார்லெமில் மறுபடி கடை திறந்தார். பெரிய நிறுவனங்கள் ஹார்லெமுக்குக் கொடுத்த மரியாதை எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய மை.

உடை வடிவமைப்பாளர் வெர்ஜில் அப்லோவிடம் எனக்கு இரண்டு மனம். 2012-இல் ரால்ஃப் லாரன் நிறுவனத்தின் விற்காமல் கிடந்த கட்டம்போட்ட சட்டைகளை மலிவாக வாங்கி, முதுகில் பைரெக்ஸ் என்ற பெயரையும் 23 என்ற எண்ணையும் அச்சடித்து 550 டாலருக்கு விற்றார். தொழில்காரியாக எனக்கு எரிச்சல்: தைத்தது வேறு யாரோ, இவர் போட்டது ஒரு அச்சு. ஆனால் அந்த அச்சு விற்றது துணியை அல்ல, யார் எங்கே நுழையலாம் என்ற கேள்வியை. 2018-இல் லூயி வித்தோன் என்ற ஆடம்பர உடை நிறுவனத்தில் ஆண்கள் பிரிவின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். 2021-இல் 41 வயதில் இறந்தார். அந்த நாற்காலியில் 2023-இல் வந்து அமர்ந்தவர் ஃபாரல் வில்லியம்ஸ், ஒரு இசைக்கலைஞர். அதற்கான கதவைத் திறந்தது அந்தக் கட்டம்போட்ட சட்டைதான் என்றும் எனக்குத் தோன்றுகிறது. எரிச்சலும் தீரவில்லை.

"ஒரே முறைதான், இனி வராது" என்ற அறிவிப்போடுதான் என் ஹூடி விற்பனைக்கு வந்தது. சில வாரங்களில் அதே ஹூடி வெள்ளை நிறத்தில் வந்தது, அதே வாசகத்தோடு. 1994-இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் தொடங்கிய சுப்ரீம் கடையிடமிருந்து எல்லாரும் கற்றுக்கொண்ட வித்தை இது: கொஞ்சமாக வெளியிடு, வரிசையில் நிற்கவை. வித்தையைக் கற்றவர்கள் கொஞ்சமாக வெளியிடுவதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

குறைவாக விற்பது எப்படி என்று தெரிந்தவர் ராப் பாடகர் நிப்சி ஹஸில். 2013-இல் தன் பாட்டுத்தொகுப்பின் குறுந்தகடு ஒன்று 100 டாலர், மொத்தம் 1000 பிரதிகள் என்று வைத்தார். அதே பாட்டுகள் இணையத்தில் இலவசமாகவும் கிடைத்தன. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஏமாற்றவும் இல்லை. விருப்பப்பட்டவர்கள் கொடுத்தார்கள்; இன்னொரு ராப் பாடகரான ஜே-ஸி மட்டும் 100 பிரதிகள் வாங்கினார். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸில் தான் வளர்ந்த வட்டாரத்திலேயே மாரத்தான் என்ற துணிக்கடையைத் திறந்தார். 2019 மார்ச் 31 அன்று அந்தக் கடை வாசலில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடுப்புகளில் வடிவமைப்புப் புதுமை பெரிதாக ஒன்றும் இல்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் தெருமுனையில் நின்று விற்ற ஆள் யார் என்று வாங்குபவருக்குத் தெரியும்.

மறுபுறத்தில் 2018-ஐப் பாருங்கள். ராப் பாடகர்களான டிராவிஸ் ஸ்காட்டும் நிக்கி மினாஜும் பில்போர்ட் என்ற அமெரிக்க இசை இதழின் ஆல்பப் பட்டியலில் முதலிடத்துக்கு மோதியபோது, உடுப்போடு சேர்த்துவிற்ற ஆல்பங்களைக் கணக்கில் எடுப்பது பற்றிப் பெரிய சண்டை நடந்தது. ஸ்காட் ஜெயித்தார். அந்தச் சேர்த்துவிற்கும் கணக்கை பில்போர்ட் 2020-இல்தான் கைவிட்டது. அதாவது ஒரு காலத்தில் டி-ஷர்ட் வாங்கினால் பாட்டு இலவச இணைப்பு. ஸ்காட்டின் பாட்டுகளை நான் கேட்பேன். அவற்றின் இரைச்சலுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அவர் பெயரில் வருகிற உடுப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தால்தான் களைப்பாக இருக்கிறது.

இன்று பாடிக்கொண்டு துணியும் விற்பவர்களில் நான் மதிப்பது டைலர் தி கிரியேட்டரை. 2011-இல் கோல்ஃப் வாங் என்ற உடுப்பு நிறுவனத்தைத் தொடங்கியபோது அது நண்பர்கள் கூட்டத்தின் விளையாட்டாகத்தான் தெரிந்தது. இளஞ்சிவப்பும் புதினாப் பச்சையும் பூ வேலையும் ராப் உடுப்பில் வரலாம் என்று ஆனதற்கு அவரும் ஒரு காரணம். அவர் விற்கும் நிறங்களில் அவரே சுற்றித் திரிகிறார். என் கேள்விக்கு அது போதும். கென்ட்ரிக் லாமர் வேறு ரகம். 2025-இல் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளையில் கீழே அகன்ற ஜீன்ஸ் போட்டுவந்து உலகத்தையே அதைப் பற்றிப் பேசவைத்தார். 2018-இல் புலிட்சர் பரிசு வாங்கிய மனிதரின் கால்சட்டையைப் பற்றி நாள்கணக்கில் விவாதம் நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நானும் அந்த விவாதத்தில் கலந்துகொண்டேன், தொடையில் தையல் எங்கே வருகிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

விரிசல் விழுந்த அச்சைப் படமெடுத்து, விற்ற கடைக்கு அனுப்பினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. பழைய உடுப்பின் தோற்றம் வரவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்களாம். பழைய தோற்றம் தர வழி இருக்கிறது. மையில் கலக்கும் கிராக் பேஸ்ட் என்றே ஒன்று உண்டு. அதில் விரிசல் சீராக வரும், செதில் உதிராது. அப்படியானால் உங்கள் விளம்பரப் படத்தில் ஏன் ஒரு விரிசலும் இல்லை என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பாடகரின் தீவிர ரசிகர் என்றால் ஓர் அளவு கூட்டி வாங்குங்கள், குளிர்ந்த தண்ணீரில் துவையுங்கள், உலர்த்தும் இயந்திரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அச்சின்மேல் இஸ்திரி வேண்டாம். குளிருக்கு ஒரு நல்ல ஹூடிதான் வேண்டும் என்றால் தொழிலாளர் உடுப்பு விற்கும் கடையில் வெற்று ஹூடியாக வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பாடகரின் இசைத்தட்டுக்குக் கொடுங்கள். அந்தத் தலைமூடியையும் துணியையும் மட்டும் மார்பிலும் முதுகிலும் எதுவும் அச்சடிக்காமல் விற்றார்கள் என்றால், நான் இரண்டு வாங்குவேன்.